உறைக்குள் இருப்பது

மரண வீட்டில் கடைசி வரிசையில் உட்காருவது என் வழக்கம். முன்னால் உட்கார்ந்தால் அழுதுகொண்டிருப்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், பார்த்தால் அதில் எதையோ தேடுவார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் இறந்தபோது அவருடைய மூத்த மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அப்பா எல்லாத்தையும் சரியா எழுதி வெச்சிருப்பாருல்ல சார்?" என்றான்.

வீடு அவனுக்கு இல்லை, தங்கைக்கு. அது எனக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும். அந்தக் காரணத்தை என்னிடம் சொல்லி முடிக்கவே அவருக்கு மூன்று சந்திப்புகள் பிடித்தன. "கொஞ்ச நாள் போகட்டும் தம்பி" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அவன் கையை விடவில்லை. என் முகத்தில் பதில் கிடைத்துவிட்டதோ என்று இன்றுவரை சந்தேகமாக இருக்கிறது.

27 வருடமாக உயில் எழுதிக்கொடுக்கும் வக்கீலாக இருக்கிறேன். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் காகித வேலை என்று சொல்லிவிடுவேன். காகிதம் சுலபம். யாருடைய உறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதே மனிதர்களோடு கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் போய் வருவதுதான் பழகப் பல வருடம் ஆகிற விஷயம். அதை எந்தச் சட்டக் கல்லூரியும் சொல்லித்தரவில்லை.

நான் இந்தப் பக்கம் வர நினைத்தவனே இல்லை. நீதிமன்றத்தில் எழுந்து நின்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்பதுதான் ஆசை. சேர்ந்த இடத்தில் சீனியர் என் கையில் ஒரு இரும்பு பீரோவின் சாவியைக் கொடுத்தார். உள்ளே ஒட்டி மூடிய உறைகள். மேலே பெயர், தேதி, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற விவரம். அதையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதுவதுதான் முதல் மாத வேலை. பிரிக்கக் கூடாது. கோபமாக வந்தது. இரண்டாவது மாதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கட்சிக்காரர்கள் பேசுவதைக் கேட்க அனுமதி கிடைத்தது. முதல் ஆள் போனதும் நான் எழுதிவைத்த குறிப்பை வாங்கிப் பார்த்தார். வீடு, நிலம், வங்கிக் கணக்கு, காப்பீடு என்று வரிசையாக எழுதியிருந்தேன். "சொத்து எவ்வளவுன்னு அப்புறம் கேட்டுக்கலாம். யாரோட பேச்சுவார்த்தை இல்லைன்னு முதல்ல கேளு" என்றார்.

அந்தக் கேள்வியை நான் இன்னும் அப்படியே கேட்கிறேன். சிரித்துக்கொண்டே வருகிறவர்கள் அங்கேதான் கொஞ்சம் நிற்பார்கள்.

சிறு குழந்தைகளை வைத்திருக்கும் தம்பதிகள் வந்தால் சொத்துப் பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒருவருக்கு ஒருவர், அப்புறம் பிள்ளைகளுக்கு. இரண்டு பேரும் சேர்ந்து போய்விட்டால் குழந்தைகள் யாரிடம் வளர வேண்டும் என்று கேட்பேன். அறை அப்படியே மாறிவிடும். ஒரு தடவை கணவர் யோசிக்காமல் "என் அக்கா" என்றார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பன்னிரண்டு வருடக் கதை இருந்தது. மனைவி தன் அம்மா பெயரைச் சொன்னார். அம்மாவுக்கு 71 வயது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் என்னிடமே பேச ஆரம்பித்தார்கள். இந்த இடத்தில் சட்டம் ஒரு நல்ல உதவி செய்கிறது. குழந்தையை வளர்ப்பவரும் பணத்தைக் கவனிப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. பாசமாக வளர்க்கத் தெரிந்தவருக்குக் கணக்கு வராமல் இருக்கலாம், கணக்கில் கறாரானவரிடம் குழந்தை ஒட்டாமல் போகலாம். பணத்தை டிரஸ்டாக வைத்துவிட்டு, படிப்புக்கும் மருத்துவத்துக்கும் செலவு செய்யச் சொல்லி, மீதியைப் 18 வயதில் மொத்தமாகக் கொடுக்காமல் 25இல் கொஞ்சம், 30இல் கொஞ்சம் என்று எழுதலாம். இதைச் சொன்னதும் அந்த இரண்டு பேரின் தோளும் இறங்கியதைப் பார்த்தேன். அக்காவுக்குக் குழந்தைகள், அம்மாவின் தம்பிக்குக் கணக்கு. வெளியே போகும்போது சேர்ந்துதான் போனார்கள்.

யாருக்கு எதை எழுதலாம் என்பதும் நம் இஷ்டம் மட்டுமல்ல. பிரான்ஸில் ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதி அந்தப் பிள்ளைக்கு என்று சட்டம் ஒதுக்கிவைத்திருக்கிறது. இரண்டு பிள்ளைகள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றோ அதற்கு மேலோ என்றால் நான்கில் மூன்று. மீதியை மட்டும்தான் மனம்போல எழுத முடியும். இஸ்லாமியச் சட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. ஆங்கிலேயச் சட்ட வழி வந்த நாடுகள் பலவற்றில் கை கொஞ்சம் தாராளம், ஆனால் அங்கே சாட்சி விஷயம் கறார். 1837ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டப்படி எழுதுகிறவர் கையெழுத்துப் போடும்போது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடவே இருக்க வேண்டும். சாட்சி போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ அதே உயிலில் ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பங்கு போய்விடும். பெற்ற பாசத்தில் பக்கத்தில் நின்ற மகளைச் சாட்சியாகக் கையெழுத்துப் போடவைத்து, அவளுக்கு எழுதியதை அவளுக்கே இல்லாமல் செய்த அப்பாக்கள் உண்டு.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த ஐந்தாவது வருடம் ஒருவர் வந்தார். மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்த பெண்ணை மூன்று வயதிலிருந்து வளர்த்தவர். சட்டப்படி தத்து எடுக்கவில்லை. "அவ என் பொண்ணு. பேப்பர்ல மட்டும்தான் இல்ல. அதையும் எழுதிடுங்க" என்றார். அன்று புதன்கிழமை. எனக்கு வேறொரு வழக்கு இருந்தது. அடுத்த வாரம் டிராஃப்ட் தருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவர் இல்லை.

உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் சட்டமே வாரிசு வரிசையைப் போடும். அந்த வரிசையில் தத்தெடுக்காத வளர்ப்புப் பிள்ளைக்குப் பெரும்பாலும் இடம் இருக்காது. அவளுக்கும் இருக்கவில்லை. பத்து நாள் கழித்து அலுவலகத்துக்கு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் விட்டுவிட்டுப் போயிருந்த அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றியை நான் இன்னும் எங்கேயும் இறக்கி வைக்கவில்லை.

இதே மாதிரி ஒரு கதைதான் பிரிட்டனில் ஒயிட் எதிர் ஜோன்ஸ் என்ற வழக்காக ஆனது. மனைவி இறந்த பிறகு மகள்களோடு சண்டை போட்டு அவர்களை உயிலிலிருந்து நீக்கிய ஒருவர், பிறகு சமாதானமாகி, 1986 ஜூலையில் ஆளுக்கு 9,000 பவுண்டு எழுதச் சொல்லி வக்கீலுக்குக் கடிதம் அனுப்பினார். வக்கீல் தள்ளிப்போட்டார். செப்டம்பரில் அந்த அப்பா இறந்துவிட்டார். பழைய உயில்தான் செல்லுபடியாக இருந்தது. மகள்கள் வக்கீலுக்குப் பணம் கொடுத்தவர்கள் இல்லை, அவருடைய கட்சிக்காரர்களும் இல்லை. இருந்தாலும் வக்கீல்தான் அவர்களுக்கு ஈடுகட்ட வேண்டும் என்று 1995இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 3-2 என்று தீர்ப்பளித்தது. அதைப் படித்த அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. அதற்கப்புறம் எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. வயதானவரோ உடம்பு சரியில்லாதவரோ வந்தால், விரிவான உயில் பிறகு வரட்டும் என்று, ஒரே பக்கத்தில் ஒரு உயிலை அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்காமல் அனுப்புவதில்லை. ஜூனியர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை இலவசமாகப் பேசுகிறேன். இது 19 வருடமாக நடக்கிறது. ஆள் பிடிக்கத்தான் என்று சொல்பவர்கள் உண்டு. முதல் வருடம் அதில் உண்மையும் இருந்தது. இப்போது வருகிறவர்களில் பலர் நாலாவது தடவை கேட்கிறவர்கள், உயில் எழுதும் உத்தேசமே இல்லாதவர்கள். கதை கேட்க வருகிறார்கள். நானும் சொல்கிறேன். 1948இல் கனடாவின் சஸ்காட்செவானில் டிராக்டருக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஒரு விவசாயி, தான் செத்தால் எல்லாம் மனைவிக்கு என்று பேனாக்கத்தியால் மட்கார்டில் கீறிக் கையெழுத்தும் போட்டார். நீதிமன்றம் அதை உயில் என்று ஏற்றுக்கொண்டது. கூட்டத்தில் இதற்கு எப்போதும் கைதட்டல் வரும். அப்படியானால் நானும் வீட்டில் ஒரு தாளில் எழுதிவைத்தால் போதாதா என்று யாராவது கேட்பார்கள். அதற்குப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் கதை. 2018இல் அவர் இறந்தபோது உயில் இல்லை என்றே நினைத்தார்கள். மறு வருடம் வீட்டில் கையால் எழுதிய தாள்கள் கிடைத்தன. அதில் 2014இல் எழுதியது சோபா மெத்தைக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. அதுதான் செல்லும் என்று ஜூரி முடிவுசெய்தபோது 2023 ஆகியிருந்தது. அதுவரை பிள்ளைகள் எதிரெதிராக நின்றார்கள்.

நோபலும் அப்படித்தான். வக்கீல்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் 1895 நவம்பர் 27 அன்று பாரிஸில் தானே எழுதிய உயிலில் கையெழுத்துப் போட்டார். பரிசுகளை யார் கொடுக்க வேண்டும் என்று எழுதினார், அவர்களிடம் கேட்கவில்லை. பணத்தை வைத்து நிர்வகிக்க ஒரு அமைப்பையும் உருவாக்கவில்லை. அவரை எந்த நாட்டில் குடியிருந்தவர் என்று எடுத்துக்கொள்வது என்பதே சிக்கலானது. உறவினர்கள் எதிர்த்தார்கள். இத்தனையையும் தலையில் சுமந்தவர் ராக்னர் சோல்மன் என்ற 26 வயது உதவியாளர். உயிலில் தன் பெயர் நிறைவேற்றுபவராக இருப்பதே நோபல் இறந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். பாரிஸில் பத்திரங்களைக் குதிரை வண்டியில் ஏற்றி, மடியில் துப்பாக்கியோடு போனார். முதல் பரிசு கொடுக்க 1901 ஆயிற்று. நான் இந்தக் கதையைச் சொல்வது பரிசுக்காக இல்லை, சோல்மனுக்காக. உயிலை நிறைவேற்றும் எக்சிகியூட்டராக ஒருவர் பெயரைப் போடுவதை மரியாதை என்று நினைத்து மூத்த மகன் பெயரை எழுதுகிறார்கள். அது வேலை. கடன் தீர்க்க வேண்டும், வரி கட்ட வேண்டும், கணக்குகளை மூட வேண்டும், தம்பி தங்கைகளின் ஃபோனை எடுக்க வேண்டும். கேட்டுவிட்டு எழுதுங்கள் என்று சொல்வேன். அடுத்த மாதமும் அதையே சொல்வேன்.

உயிலில் எழுதினால் எல்லாம் முடிந்தது என்றும் நம்பிவிடக் கூடாது. ஆயுள் காப்பீட்டையும் ஓய்வூதியத்தையும் பல இடங்களில் உயில் தொடாது. என்றைக்கோ நிரப்பிய படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அங்கேதான் போகும். அமெரிக்காவில் போயிங்கில் வேலை பார்த்த ஒருவர் 1994இல் விவாகரத்தான இரண்டு மாதத்தில் விபத்துக்குள்ளாகி இறந்தார். படிவத்தில் முன்னாள் மனைவியின் பெயர் அப்படியே இருந்தது. விவாகரத்தானதும் அது தானாக ரத்தாகும் என்று அந்த மாநிலத்தில் சட்டமே இருந்தும், 2001இல் உச்ச நீதிமன்றம் மத்தியச் சட்டம்தான் மேல், படிவத்தில் உள்ளபடிதான் என்றது. முதல் திருமணத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பணம் வரவில்லை. இதைக் கேட்ட அன்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து வெளியே போய் யாருக்கோ ஃபோன் செய்தார்.

இப்படி இலவசமாகச் செய்வது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பிரிட்டனில் வில் எய்ட் என்ற ஏற்பாட்டில் வக்கீல்கள் நவம்பர் மாதத்தில் கட்டணம் வாங்காமல் எளிய உயில்களை எழுதிக்கொடுக்கிறார்கள், எழுதிக்கொள்கிறவர்கள் தொண்டு நிறுவனங்களுக்கு நன்கொடை தருகிறார்கள். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களுக்கும் காவலர்களுக்கும் இலவசமாக உயில் எழுதும் திட்டம் தொடங்கியது. நெருப்புக்குள் போகிற வேலையில் இருக்கிறவர்களில் பலரிடம் உயில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்திருக்கிறது.

நூலகத்துக்குக் கட்டடம் கட்ட நிதி சேர்த்தபோது என்னைப் பொருளாளராகப் போட்டார்கள். வக்கீல், கணக்கு ஒழுங்காக இருக்கும் என்ற நம்பிக்கை. இரண்டாவது வருடம் ஒரு அம்மா வந்தார். பிள்ளைகள் இல்லை. வீட்டை விற்று வரும் பணத்தை நூலகத்துக்கு எழுத வேண்டும் என்றார். நான் எழுத மாட்டேன் என்று சொல்லி வேறொரு வக்கீலின் முகவரியைக் கொடுத்தேன். எழுதுகிறவனே பணம் வரும் இடத்தில் பொறுப்பில் இருந்தால் நாளைக்கு அவருடைய அண்ணன் மகன்கள் நீதிமன்றத்தில் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அந்த அம்மா முகவரியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். போனாரா, எழுதினாரா, எனக்குத் தெரியாது. விஷயம் எப்படியோ கமிட்டிக்குத் தெரிந்துவிட்டது, அவரே சொல்லியிருக்கலாம். "கையில வந்ததைத் தட்டி விட்டீங்களே" என்று தலைவர் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் விளக்கவில்லை. என்னிடம் ஒருவர் என்ன பேசினார் என்பதைச் சொல்லாமல் அதை விளக்க வழியில்லை.

பெரிய வலி இதில்தான். ஒருவரோடு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சதுரங்கம் ஆடுகிறேன். அவருடைய அண்ணன் என்னிடம் எழுதிய உயிலில் அவர் பெயர் இல்லை. அண்ணன் தனக்குச் செய்யப்போகும் உதவியைப் பற்றி அவர் சந்தோஷமாகப் பேசுவார். நான் குதிரையை நகர்த்துவேன். என் மனைவி இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட யாருக்கு என்ன எழுதினீர்கள் என்று கேட்டதில்லை. கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது மட்டும், "இன்னைக்கு நீங்க அந்தக் குடும்பத்துப் பக்கமே போகல" என்பாள். அதோடு நிறுத்திக்கொள்வாள்.

மருத்துவமனைப் படுக்கைகள் தனி. முதல் வேலை உறவினர்களை அறையை விட்டு வெளியே அனுப்புவது. யாருக்கும் பிடிக்காது. "நாங்க என்ன அந்நியமா?" என்பார்கள். அப்புறம் கதவை மூடிவிட்டு மெதுவாகக் கேட்க வேண்டும். என்ன செய்கிறோம் என்று தெரிகிறதா, என்னென்ன சொத்து என்று ஏறக்குறையச் சொல்ல முடிகிறதா, யார் யாரை நினைத்துப் பார்க்க வேண்டும் என்ற நினைவு இருக்கிறதா. இந்த அளவுகோல் 1870இல் பேங்க்ஸ் எதிர் குட்ஃபெலோ வழக்கில் வந்தது. அந்த உயிலை எழுதியவர் ஏற்கனவே செத்துப்போன ஒரு ஆளும் பேய்களும் தன்னைத் துரத்துவதாக நம்பியவர். ஆனால் உயிலில் அவர் செய்த ஏற்பாட்டை அந்த நம்பிக்கை பாதிக்கவில்லை, அதனால் உயில் செல்லும் என்றார்கள். இந்த வழக்கு எனக்குப் பிடிக்கும். ஒரு மூலையில் இருட்டு இருப்பதால் வீடு முழுவதும் இருட்டு என்று சொல்லிவிடவில்லை. ஒரு பாட்டி என்னைத் தன் இறந்துபோன தம்பி என்று நினைத்துப் பேசினார், ஆனால் நான்கு பேத்திகளின் பெயரையும் யாருக்கு எந்த நகை என்பதையும் பிசகாமல் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பக் கேட்டேன், அப்போதும் அதே வரிசை. மருத்துவரையும் பார்க்கச் சொல்லி, அவருடைய குறிப்பையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் கையெழுத்து வாங்கினேன். இன்னொருவர் எல்லாக் கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொன்னார், ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் மூடிய கதவைப் பார்த்தார். அன்றைக்கு எழுதாமல் திரும்பிவிட்டேன்.

நகை, தையல் மெஷின், சுவர்க்கடிகாரம். வீட்டுக்காகப் போடும் சண்டையை ஒரு விலை போட்டு முடித்துவிடலாம். கடிகாரத்துக்கு முடியாது. என்னிடம் ஒரு அம்மா வருடத்துக்கு ஒரு தடவை உயிலை மாற்ற வருவார். மற்றதெல்லாம் அப்படியே. தையல் மெஷின் மட்டும் ஒரு வருடம் மருமகளுக்கு, மறு வருடம் தங்கை மகளுக்கு, அதற்கடுத்த வருடம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு. அந்த வருடம் யார் வந்து பார்த்தார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒரு வரிக்காகப் புதுசாகச் சாட்சி, புதுசாகக் கையெழுத்து. நான் அதற்குக் காசு வாங்குவதில்லை.

சரி, நீ எழுதிவிட்டாயா என்று கேட்பீர்கள். போன வருடம்தான் எழுதினேன். ஆபிரகாம் லிங்கன் வக்கீல்தான், 1865இல் உயில் இல்லாமல்தான் செத்தார். 1,10,000 டாலருக்கு மேல் இருந்த சொத்தை ஒரு உச்ச நீதிமன்ற நீதிபதி முன்னின்று மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் பிரித்துக்கொடுக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லி நான் பல வருடம் தப்பித்திருக்கிறேன்.

எழுத உட்கார்ந்தபோது என் சொத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. பீரோதான் நினைவுக்கு வந்தது. நான் போய்விட்டால் அந்த உறைகளின் கதி என்ன? என் பிள்ளைகளுக்கு அவற்றைத் தொட உரிமை இல்லை. அதனால் ஒரு இளைய வக்கீலை ஒப்புக்கொள்ள வைத்து, எழுத்தில் பொறுப்பைக் கொடுத்து, இரண்டு பேரும் ஒரு மாதம் உட்கார்ந்து பதிவேட்டைச் சரிபார்த்தோம். 311 உறைகள். அவளும் முதல் நாள் கோபமாகத்தான் இருந்தாள், பிரிக்கக் கூடாது என்றதும். ஒவ்வொருவருக்காக ஃபோன் செய்தோம். சில எண்கள் வேலை செய்யவில்லை. சிலவற்றை வேறு யாரோ எடுத்தார்கள். இரண்டு பேர் போய்ச் சேர்ந்து வருடக்கணக்கு ஆகியிருந்தது, குடும்பத்துக்கு உறை இருப்பதே தெரியாது. அதில் ஒரு வீட்டார் சட்டப்படி எல்லாவற்றையும் பிரித்து முடித்தே விட்டார்கள். அதை மறுபடி திறக்க வேண்டிவந்தது வேறு கதை, சொல்ல முடியாத கதை.

தையல் மெஷின் அம்மா மூன்று வருடமாக வரவில்லை. அவருடைய உறையை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். இளையவள் எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். பத்துப் பன்னிரண்டு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்.

"இருக்கேன் சார், இருக்கேன். முழங்கால்தான் வர விடல. மெஷினுக்கு ஆள் மாறிடுச்சு. அடுத்த வாரம் வரட்டுமா?"

"நீங்க வர வேண்டாம்மா. இன்னைக்கு நாங்க வர்றோம்."

இளையவள் பையை எடுத்துக்கொண்டாள். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும், நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.